நாலு வடிவத்தில் ஒரு வீடு

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பொறுத்தவரை உலகத்தில் நான்கே பொருள்கள்தாம் இருந்தன: தீப்பெட்டி, பால் டின், லட்டு, நாசி லெமாக் பொட்டலம். வாழையிலையில் கூம்பாக மடித்துக் காலையில் விற்கிறார்களே, அந்தப் பொட்டலம். மற்றவை எல்லாம் இந்த நான்கை அடுக்கியோ ஒட்டியோ செய்தவை என்பது அவருடைய தீர்மானமான கருத்து. விளையாட்டாகச் சொன்னதே இல்லை. கோயில் வாசலில் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது அவரும் போட்டுக்கொள்வார். கையை இறக்கியதும் என் காதருகே குனிந்து, "ஐஞ்சு தீப்பெட்டி பிள்ளை. மேல போகப் போகச் சின்னன். உச்சியில ஒரு பால் டின்னைப் படுக்கப் போட்டிருக்கு" என்பார்.

ஒரு கல்யாணத்தில் மணவறையைப் பார்த்தபடி, "மாப்பிள்ளை பால் டின். அதுக்கு மேல லட்டு. கழுத்து வைக்க மறந்திட்டினம்" என்றார். எங்களுக்குப் பின்வரிசையில் மாப்பிள்ளையின் சித்தி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நாங்கள் பந்திக்கு இருக்கவில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் அழைப்பிதழில் தன் பெயரைப் போட்டதற்காக ஓர் உறவினரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவர். நான் அவரை 'அக்கா' என்றேன். என் மகள் கவிதா 'ஆன்ட்டி' என்றாள். பினாங்கில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், சுவரோடு சுவர் ஒட்டிய பன்னிரண்டு வீடுகள் கொண்ட வரிசை. எங்களுடையது ஏழாவது, அவருடையது எட்டாவது. அக்காவுடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம். அவரும் நில அளவை அலுவலகம் ஒன்றில் இருபத்தைந்து வருடம் வரைபடங்களைப் பார்த்து வரைந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கோடு நேரா வந்த ஆக்களை நான் காணேல்லை" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருடைய அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். பழையதில் ஒன்றை அவர் வாங்கி வீட்டு ஹாலில் வைத்தார். திரை ஒரு சின்ன அலமாரி கனம் இருக்கும். அதற்குத் தலையணை உறை ஒன்றைப் போட்டு மூடி வைப்பார். மாதா மாதம் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று வாங்குவார். படிப்பதற்கு அல்ல, அட்டையில் இலவசமாக ஒட்டி வரும் சிடிக்காக. பத்திரிகை கவிதாவுக்கு வந்துவிடும்.

அந்தச் சிடி ஒன்றில்தான் வீடு வடிவமைக்கும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. இலவசப் பதிப்பு. திரையின் இடது ஓரத்தில் அடிப்படை வடிவங்கள் வரிசையாக நிற்கும். பெட்டி, உருளை, உருண்டை, கூம்பு, இந்த நான்குக்கு மட்டும் நிறம் இருக்கும். அதற்குக் கீழே ஆப்பு, வளைவு, வளையம், மாடிப்படி என்று இன்னும் ஏழெட்டு. எல்லாம் சாம்பல் நிறம். அவற்றில் அழுத்தினால், முழுப் பதிப்பை வாங்கு என்று ஓர் அறிவிப்பு எழும்பும். அக்கா அந்த அறிவிப்பைப் பார்த்துக் கையை ஆட்டுவார், ஈயை விரட்டுவதுபோல. "நாலு காணும்" என்பார், நான்கே போதும் என்ற பொருளில். உலகம் நான்கு பொருளால் ஆனது என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார். இப்போது ஒரு கம்பெனியும் அதை ஒத்துக்கொண்டதில் அவருக்குத் திருப்தி.

அந்த நான்கை வைத்து எங்கள் வரிசையின் பன்னிரண்டு வீடுகளையும் திரையில் கட்டிவிட்டார். என் வீட்டை நானே அப்படிப் பார்த்ததில்லை. கட்டில் ஒரு தீப்பெட்டி, காஸ் சிலிண்டர் ஒரு பால் டின், சாமி விளக்கு ஒரு பால் டின்மேல் ஒரு குட்டிப் பொட்டலம்.

"என்னக்கா, எல்லாம் மொட்டையா இருக்கு" என்றேன்.

"மொட்டையாய் இருந்தாத்தான் பிள்ளை, என்ன இருக்கு எண்டு தெரியும்."

அந்தக் காலத்தில் என் கணவர் அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அங்கே யாரிடமோ வாங்கிய ஒரு சிடியைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார்.

"அக்கா, இதுல ஃபுல் வெர்ஷன் இருக்கு. எல்லா ஷேப்பும் வரும் லா."

"ஆர் குடுத்தது?"

"யாரோ காப்பி அடிச்சதுதான். ஊரே அதைத்தான் யூஸ் பண்ணுது."

"இலவசம் வேற தம்பி, களவு வேற" என்று சொல்லி அவர் சிடியைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு தட்டு வடையும் கொடுத்தார், மனம் நோகக்கூடாதே என்று.

இவ்வளவும் ஒரு வேடிக்கையான பக்கத்து வீட்டு அக்காவின் கதையாகவே முடிந்திருக்கும். நானும் யாரிடமாவது சொல்லிச் சிரித்துவிட்டு மறந்திருப்பேன்.

கவிதாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி விட்டுச் சைக்கிளில் திரும்பும்போது லாரி மோதியது. எனக்கு ஆபீஸில் போன் வந்தது. மதியம் ஒன்றேகால். இன்றைக்கும் அந்த நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. பக்கத்து மேசைப் பெண் எடுத்து, "ஒண்ணுமில்லக்கா, கஸ்டமர்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும். இத்தனை வருடம் கழித்தும் அப்படித்தான்.

இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வலது காலுக்குள் கம்பி. ஒன்றரை வருடமாவது சக்கர நாற்காலி, அதன் பிறகுதான் செயற்கைக் காலைப் பற்றிப் பேச முடியும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்கள், திருநீறு கொண்டுவந்தார்கள், போன பிறவியைப் பற்றிப் பேசினார்கள். அக்கா ஒரு அளவு டேப்போடு வந்தார். கவிதாவை அன்றுதான் முதல்முறையாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா அவள் தலையைத் தடவவில்லை. "ஒருக்கா அளக்கட்டோ?" என்று அவளிடமே கேட்டுவிட்டு, தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து சக்கரத்திலிருந்து சக்கரத்துக்கு டேப்பை இழுத்தார்.

"இருபத்தைஞ்சு இஞ்சி. தள்ளுற கைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு. ஒரு தீப்பெட்டி, அதுக்கு ரெண்டு பக்கமும் மேரி பிஸ்கட்."

கவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் எனக்கு அது காதில் விழவில்லை. அக்கா எழுந்து, இரண்டு அடி பின்னால் போய் நின்று, அவளை மேலும் கீழும் பார்த்து, "வடிவா இருக்கு" என்றார்.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"என் பொண்ணு உங்களுக்கு வடிவமா? தீப்பெட்டியா? கால் போய் உக்காந்திருக்கா, அளவெடுக்க வந்துட்டீங்க! போங்கக்கா. தயவு செஞ்சு போயிடுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. அக்கா டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

கவிதா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அவங்க தமிழ்ல வடிவுன்னா அழகுமா. நான் அழகா இருக்கேன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவள் எனக்குத் தெரியாதா? அவர் என் மல்லிகைச் செடியைப் பார்த்து 'வடிவா இருக்கு' என்று சொன்னபோதெல்லாம் எனக்கு நன்றாகவே புரிந்தது. அன்று மட்டும் புரியவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்டைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "அது கிடக்கட்டும். உங்கட பாத்ரூம் கதவு எத்தினை இஞ்சி?" என்று கேட்டார். வெகுநாள் கழித்து, அன்று அவர் சொன்னது அழகா வடிவமா என்று கேட்டேன். "ரெண்டும்தான் பிள்ளை. ஒண்டை விட்டிட்டு மற்றதைப் பார்க்க எனக்குத் தெரியாது" என்றார்.

பாத்ரூம் கதவு இருபத்து நான்கு அங்குலம். நாற்காலி இருபத்தைந்து.

எங்கள் வரிசை வீடுகளில் ஹாலிலிருந்து குசினிக்கு, அதாவது சமையலறைக்கு, ஒரு படி இறங்க வேண்டும், ஆறு அங்குலம். குசினியிலிருந்து பாத்ரூமுக்கு இன்னும் இரண்டு அங்குலம் பள்ளம். பத்து வருடம் அந்தப் படியில் நான் ஏறி இறங்கியிருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லாமல். கவிதா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது ஒரு மலையாகிவிட்டது. அவள் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே உட்கார வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே நிற்பார். அவர் விடியலில் ஃபெரி பிடித்துப் போய்விட்டால் மாலை வரை வீட்டில், ஆபீஸுக்கு லீவு போட்டிருந்த நான் மட்டும்தான். என்னால் அவளைத் தூக்க முடியாது. இழுக்கத்தான் முடியும்.

கவிதா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் வைத்த தம்ளர் மாலையிலும் அப்படியே இருக்கும். எனக்கு விளங்க இரண்டு வாரம் ஆனது. அதற்குள் சிறுநீரில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்டினார். இப்படியே போனால் கிட்னிக்கு ஆபத்து என்றார்.

"ஏன்டி குடிக்க மாட்டேங்கறே?"

"அப்பா தூக்கறது வேணாம்மா." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் சின்னப் பிள்ளை இல்ல."

பெட்ஷீட்டைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

என் கணவர் பட்டர்வொர்த்திலிருந்து தனக்குத் தெரிந்த கண்டிராக்டர் மணியத்தை அழைத்துவந்தார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். பார்த்ததும், "சரிவுப் பாதை போட்டுடலாம்" என்றார். அளந்த பிறகு முகம் மாறியது. "பிள்ளை தானா தள்ளிக்கிட்டு ஏறணும்னா ஒரு இஞ்சிக்கு ஒரு அடி வேணும். ஆறு இஞ்சி படிக்கு ஆறடி நீளம். உங்க குசினியே எட்டடிதான். சரிவு முடியற எடத்துல சேர் திரும்ப எடம் இல்ல. அங்க பாத்ரூம்ல இன்னொரு பள்ளம் வேற." தலையைச் சொறிந்தார். "வேற வழி இல்ல லா தங்கச்சி. வீட்டை வித்துட்டு லிஃப்ட் உள்ள பிளாட்டா பாருங்க."

நாங்கள் எதையும் விற்கிற நிலையில் இல்லை. என் கணவரின் அக்கா ஒருவர், பிள்ளையைக் கொஞ்சக் காலம் ஏதாவது இல்லத்தில் விடலாமே என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் உறைக்கிறது.

அக்கா கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டைத் திறந்தார். நாற்காலியையும் செய்தார்: ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் தட்டையான உருளை. அதை ஹாலிலிருந்து நகர்த்திப் படியருகே நிறுத்தினார். சரிவுப் பாதைக்கு ஆப்பு வடிவம் வேண்டும். அது சாம்பல் நிறத்தில் நின்றது. அழுத்தினார். அறிவிப்பு எழும்பியது. அன்று அவர் கையை ஆட்டவில்லை. திரும்பவும் அழுத்தினார். நான்கு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஐந்தாவது ஒன்று வேண்டியிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

என் கணவர் பழைய சிடியைத் தேடி எடுத்து வந்தார். "அக்கா, இப்பவாவது இதைப் போடுங்க."

அவர் சிடியைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பிள்ளைக்கு வழி வெட்டுறதைக் களவில துவங்க ஏலாது தம்பி."

"உங்க நியாயத்துக்கு என் பிள்ளை தண்ணி குடிக்காம கெடக்கணுமா?" என்று நான் கத்திவிட்டேன். ஒரே மாதத்தில் அவரிடம் இரண்டாவது தடவை.

"சனிக்கிழமை வரை பொறுங்கோ" என்றார். "இலவசமா எங்கையாவது இருக்கும். தேடினாக் கிடைக்கும்."

சனிக்கிழமை நாங்கள் இருவரும் சூலியா தெருவுக்குப் போனோம். பணமாற்றுக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே, வெள்ளைக்காரப் பயணிகள் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் தட்டும் இன்டர்நெட் கடை ஒன்று இருந்தது. முதுகுப் பைகளுக்கு நடுவே சேலை கட்டிய இரண்டு பெண்கள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இலவசமாக வடிவங்கள் செய்யும் கருவி என்று ஆங்கிலத்தில் வகைவகையாகத் தட்டித் தேடினார். முதலில் அகப்பட்டதற்கு அக்காவின் கம்ப்யூட்டருக்குப் பலம் போதாது. இரண்டாவது பளபளக்கும் உருண்டைகளை மட்டும் செய்தது. "நூறு லட்டுப் பிடிக்கலாம், ஒரு படி கட்ட ஏலாது" என்று அதை மூடினார். மூன்றாவதில் ஆப்பு இருந்தது! ஆறு டிஸ்கெட்டில் துண்டு துண்டாக இறக்கிக்கொண்டு, வெற்றியோடு பஸ் ஏறினோம். வீட்டில் போட்டபோது நான்காவது டிஸ்கெட் கிறீச்சிட்டது. திறக்கவில்லை. திரும்பப் போனபோது கடை அடைத்திருந்தது.

மறுநாள் ஞாயிறு மத்தியானம். நானும் என் கணவரும் கவிதாவைத் தள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மணியமும் வந்திருந்தார், மரியாதைக்கு. அக்கா தன் பழைய மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மெல்லிய பெட்டியை எடுத்துச் சாய்த்து வைத்தால் சரிவு மாதிரி ஆகுமே என்பது யோசனை. இலவசப் பதிப்பு சாய்க்க விடவில்லை. பெட்டி இடதாகச் சுற்றும், வலதாகச் சுற்றும். சாயாது.

"கம்ப்யூட்டர் சிமெண்டு கலக்குமாக்கா?" என்றார் மணியம், தே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு.

"கலக்காது. உங்கட வாயும்தான் கலக்காது" என்றார் அக்கா திரும்பாமலே. மறுபடி பெட்டியை இழுத்தார். அது சாயாமல் நேராக மேலே எழும்பியது. கீழே இறக்கிவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடி எழும்பியது.

"சாய்க்க விடுகுதில்லை" என்றார் எரிச்சலோடு. "தூக்கத்தான் விடுகுது."

சொல்லிவிட்டு மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

"தூக்கத்தான் விடுகுது" என்று இன்னொரு முறை சொன்னார், வேறு குரலில்.

அந்த மெல்லிய பெட்டியைக் குசினி முழுவதற்கும் அகலப்படுத்தினார். எட்டடி, பத்தடி. ஆறு அங்குல கனம். குசினித் தரையில் வைத்தார். அது ஹாலின் மட்டத்துக்கு வந்து நின்றது. பாத்ரூமுக்கு எட்டு அங்குலக் கனத்தில் இன்னொன்று. பிறகு நாற்காலிப் பெட்டியைப் பிடித்து ஹாலிலிருந்து இழுத்தார். தடையில்லாமல் குசினி வழியாகப் போய்ப் பாத்ரூம் கதவில் மட்டும் முட்டியது. கதவை அழித்துவிட்டு, முப்பத்து நான்கு அங்குலத்துக்கு வெட்டி, ஓரமாக இழுத்து மூடும் கதவு ஒன்றை மாட்டினார். நாற்காலி உள்ளே போய், சுற்றி, வெளியே வந்தது.

மணியம் கிளாஸைக் கீழே வைத்தார்.

படியில் எப்படி இறங்குவது என்று நாங்கள் அத்தனை பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். படியே இல்லாமல் செய்யலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆப்பு கிடைத்திருந்தால் அக்காவுக்கும் தோன்றியிருக்காது.

"அங்க பாருங்க, அடுப்பு மேடை முங்கிடுச்சு" என்றார் மணியம். உண்மைதான். தரை உயர்ந்ததும் மேடை ஆறு அங்குலம் குள்ளமாகிவிட்டது. அக்கா அதையும் தூக்கப் போனார்.

"வேணாம் ஆன்ட்டி, விடுங்க!" என்றாள் கவிதா. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, திரையில் இருந்த அந்தப் பெட்டியையும் தன் மடியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, அது எனக்கு எட்டும்!"

எட்டியது. அதன் பிறகு எங்கள் வீட்டில் மாலைத் தே அவள் போட்டதுதான். நான் இன்றைக்கும் அந்த மேடையில் குனிந்துதான் சமைக்கிறேன். முதுகு வலிக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

ஆனால் அன்று மணியம் விடவில்லை. "குசினியை யாரும் ஹால் மட்டத்துக்குக் கட்ட மாட்டாங்கக்கா. தண்ணி ஊத்திக் கழுவறது எப்படி? எல்லாம் ஹாலுக்கு ஓடி வந்துடும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தங்கச்சி."

நான் வாயைத் திறந்து, "ஆமாக்கா" என்று சொல்லியும்விட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் குசினியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் விளக்கேற்றுவேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான். துடைத்த தரை எங்களுக்குச் சுத்தமான தரை இல்லை.

அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தப் படி எதுக்கு இருக்கு எண்டு இப்ப விளங்குதோ? உங்கட வாளித் தண்ணிக்கு. தண்ணி எங்க போகவேணும் எண்டு யோசிச்சுத்தான் இந்த வரிசை முழுக்கக் கட்டியிருக்கு. பிள்ளை எங்க போகவேணும் எண்டு ஆரும் யோசிக்கேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குக் கழுத்து இல்லை என்று சொன்ன அதே குரல்.

"மாப் போட்டுத் துடைச்சுக்கறேன்" என்றேன். "மணியண்ணே, நாளைக்கே வேலையை ஆரம்பிங்க."

பதினொரு நாள் வேலை நடந்தது. அத்தனை நாளும் அக்கா வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. பாத்ரூம் தண்ணீர் ஓடுவதற்கான மெல்லிய சரிவை மணியம் தன் கையாலேயே பூசினார். "இதுக்கு உங்க கம்ப்யூட்டர் வேணாம்" என்று சொல்லிச் சொல்லிப் பூசினார். பிற்பாடு அவர் வேறு மூன்று வீடுகளில் இதேபோலக் குசினியை உயர்த்திக் கொடுத்தார், தன் சொந்த யோசனை என்று சொல்லி. அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இலவசம்தானே!" என்றார்.

அவர் பிறகு தம்பியோடு இருக்கக் கிள்ளானுக்குப் போய், அங்கேயே காலமானார். செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. கவிதா இப்போது செயற்கைக் காலோடு நடக்கிறாள். பத்து காவான் என்ற ஊரில் வேலை, தானே கார் ஓட்டிப் போகிறாள். சேர்ந்துவிட்டேன் என்று அவள் செய்தி அனுப்பும் வரை நான் போனைக் கீழே வைப்பதில்லை. அக்கா இருந்திருந்தால் என்னையும் ஏதாவது ஒரு வடிவத்தில் அடக்கியிருப்பார்.

வேலையின் கடைசி நாளில் ஒரே ஒரு சண்டை மிச்சமிருந்தது. தாழ்ப்பாள். பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் கூடாது என்றேன் நான். உள்ளே விழுந்தால்? கூப்பிட்டும் கேட்காவிட்டால்? அக்கா சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கித் தானே அதில் உட்கார்ந்தார். கதவருகே தள்ளிக்கொண்டு போய்க் கையை நீட்டி, கை பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "இஞ்ச போடுங்கோ மணியம்." பிறகு என்னிடம், "வெளியால காசு வைச்சுத் திருகித் திறக்கிற மாதிரிப் பூட்டு இருக்கு, அதைப் போடுவம். ஆனாப் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டுத்தான் திறக்கவேணும்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கவிதா துண்டையும் மாற்று உடையையும் மடியில் வைத்துக்கொண்டு ஹாலிலிருந்து கிளம்பினாள். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். அவள் கைகள் சக்கரத்தைத் தள்ளின. சக்கரம் ஹாலிலிருந்து குசினிக்குள் போனது, சத்தம்கூட மாறாமல். மேடையைத் தாண்டினாள். உள்ளே போனாள். கதவு இழுபட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தண்ணீர் ஓடியது. நின்றது. ஏதோ விழுந்தது. சோப்பு டப்பாவாக இருக்கும் என்று என் கணவர் முணுமுணுத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். என் உள்ளங்கையில் இருபது சென் காசு ஒன்று வியர்வையில் நனைந்திருந்தது. அது எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியாது. கதவை நோக்கி ஓர் அடி வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாதேங்கோ."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, அங்கயேதான் நிக்கிறீங்களா?"

நாங்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"எல்லாரும் நிக்கிறீங்களா? ஐயோ, போங்க லா! வீட்டை விட்டே போங்க! மனுஷி குளிக்க வேணாமா?"

நாங்கள் போனோம். குசினியைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, கேட்டைத் திறந்து ரோட்டில் போய் நின்றோம். துரத்தப்பட்ட மூன்று பெரியவர்கள், நல்ல வெயிலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. சுருதியே இல்லை.

எதிர்வீட்டுச் சீன அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துப் பயந்துபோய், என்ன ஆயிற்று, பிள்ளைக்கு என்ன என்று மலாய் மொழியில் கேட்டார். அக்கா இரண்டே சொல்லில் பதில் சொன்னார்.

"மண்டி. செண்டிரி."

குளிக்கிறாள். தானாக.

சீன அம்மா துடைப்பத்தைக் கேட்டில் சாய்த்து வைத்தார். ரோட்டைக் கடந்து வந்து எங்களோடு நின்றார். நால்வரும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.